எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்லுங்கள்: எங்கள் நர்சிங் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர் மேடம் அவர்களுக்கும் கல்லூரி நிர்வாகத்தினருக்கும்,

போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும் காலத்தில் எந்தப் பகுதி நேர வேலைக்கும் போகக் கூடாது, போவது தெரிந்தால் இரண்டு வாரம் சஸ்பெண்ட், அந்த நாட்களில் விட்டுப்போகும் கிளினிக்கல் (வார்டில் பயிற்சி) மணிநேரத்தைப் பிறகு வந்து ஈடுகட்ட வேண்டும், ஹால் டிக்கெட்டும் நிறுத்தி வைக்கப்படும் என்று அதில் இருக்கிறது. மறுநாளே என்னைக் கூப்பிட்டு, சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மெடிக்கல் கடை கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்ததை நம் ஆசிரியை ஒருவர் பார்த்ததாகச் சொல்லி, மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னீர்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்த பிறகு எழுத வந்தது இந்த மடல்தான். இதை எல்லோரும் படிக்கும்படி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் வகுப்பில் மட்டும் எனக்குத் தெரிந்து 11 பேர் ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள், சுற்றறிக்கைக்குப் பிறகு அவர்களில் யாராலும் உங்கள் முன்னால் வாயைத் திறக்க முடியாது.

என் வீட்டு நிலைமையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் வீடு ஏற்காடு மலையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். அப்பா இல்லை. அம்மா காப்பி எஸ்டேட்டில் தினக்கூலி. நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்தால் ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் வேலை ஓடும், அந்த மூன்று நான்கு மாதம் எங்கள் வீட்டில் காசு நடமாடும். அப்புறம் கொஞ்சம் மிளகு, அதற்கு மேல் களை, கவாத்து என்று ஆளைக் குறைத்துத்தான் கூப்பிடுவார்கள், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. நம் கல்லூரியில் பணம் கட்டச் சொல்லும் தேதி ஒவ்வொரு வருஷமும் அந்த மழைக்காலத்தில்தான் வருகிறது. அம்மாவின் கூலியும் உங்கள் ஃபீஸ் தேதியும் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்லை. முதல் வருஷம் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. இரண்டாம் வருஷம் எஸ்டேட் கணக்கரிடம் முன்பணம் வாங்கினோம், அதை அடைக்க அந்தப் பறிப்புக் காலம் முழுக்கப் போய்விட்டது. இந்த வருஷம் அடகு வைக்கவும் ஒன்றும் இல்லை.

அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எனக்கு வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்தப் பணம் இல்லாவிட்டால் முதல் வருஷமே நின்றிருப்பேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பஸ் செலவும் தப்பிக்கிறது. ஆனால் கோரிமேட்டில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டில் என் பங்கு வாடகை 1,700, அரிசி, கேஸ், ரெக்கார்ட் நோட்டு, நோயாளியைப் பராமரிக்கும் திட்டமாக நாங்கள் எழுதும் கேர் பிளானுக்கு ஜெராக்ஸ், வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சைக் கட்டணம், வெளியே மக்கள் இருக்கும் இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் கம்யூனிட்டி போஸ்டிங் போகும்போது வெளியே சாப்பாடு. உங்களிடம் கட்டும் பெரிய தொகையைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள், எங்களை வாரா வாரம் அரிப்பது இந்தச் சில்லறைதான்.

அதனால் வேலைக்குப் போனேன். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கிடைத்த வேலைக்குப் போகவில்லை மேடம். நம் பாடத்திட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரம் வகுப்பும் வார்டும் போய்விடும், அதற்கு மேல் ரெக்கார்ட் எழுத, இன்டர்னலுக்குப் படிக்க நேரம் வேண்டும். மிச்சம் இருக்கும் நேரத்தில் சேலத்தில் ஒரு நர்சிங் மாணவி என்னதான் செய்ய முடியும் என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரு நோட்டில் எழுதியே பார்த்திருக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து கொலுசு வாங்கி வந்து வீட்டிலேயே வைத்துச் செய்யலாம், சேலத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த வேலை, எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி. என் ரூம்மேட் ஒருத்தி இரண்டு மாதம் பற்றவைப்பு வேலை செய்தாள். விரல் நுனியெல்லாம் சூடு பட்டு வெடித்துவிட்டது. அந்தக் கையோடு காலையில் வார்டில் போய் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே ஸ்பிரிட் தேய்க்க வேண்டும், டிரஸ்ஸிங் மாற்ற வேண்டும். தோல் வெடித்த கை எங்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து என்று முதல் வருஷம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அவளே நிறுத்திவிட்டாள். தட்டுவடை செட் கடையில் சாயங்காலம் பீட்ரூட்டும் கேரட்டும் துருவிக் கொடுக்கும் வேலையும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்று முடிவு செய்தோம், துருவியில் கை படாமல் யாராலும் ஒரு வாரம் ஓட்ட முடியாது.

பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் இருக்கும் சேலை வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் வேலை கேட்க லேசாக இருக்கும், உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். ஆனால் சேலை பார்க்கிறவர்கள் வீட்டு வேலை முடித்துவிட்டு ராத்திரி 10 மணிக்கு மேல்தான் பார்க்கிறார்கள், 12 வரை போன் அடங்காது. ஏற்காட்டில் சனி ஞாயிறு ரிசார்ட் ரிசப்ஷனில் நிற்கும் வேலை எனக்கு ஊர்ப் பக்கம், அம்மாவையும் பார்க்கலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சீசன் போனேன். கூட்டம் குறைய ஞாயிறு ராத்திரி ஆகிவிடும், திங்கள் காலை முதல் பஸ் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு 7.30 மணி வார்டுக்கு ஓட வேண்டும். இரண்டு திங்கள் லேட் ஆனது. அன்றைக்கு நீங்கள் திட்டியது சரிதான், அதற்கு அடுத்த வாரமே அந்த வேலையை விட்டேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் மெடிக்கலுக்கு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் 4 முதல் 9 வரை, ஞாயிறு காலை 9 முதல் 5 வரை. மருந்து எடுத்துக் கொடுப்பது பார்மசிஸ்ட் அண்ணன், நான் பில் போடுவதும் வந்த சரக்கின் பேட்ச் எண், காலாவதித் தேதி பதிவதும்தான். மாதம் 3,500 ரூபாய். கடை மெயின் ரோட்டில் இருக்கிறது, கண்ணாடிக் கதவு, வெளிச்சம், எதிரே பஸ் ஸ்டாப், கடைக்காரர் வீட்டு அம்மாவும் பாதி நேரம் கடையில்தான் இருப்பார்கள். 9 மணிக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க விட மாட்டார்கள், "கெளம்பு கண்ணு, பஸ் போயிரும்" என்று விரட்டி அனுப்புவார்கள். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பார்மகாலஜியில் எனக்கு எப்போதும் குழப்பம் இருந்தது, ஒரே மருந்துக்கு ஏழெட்டு கம்பெனிப் பெயர் இருப்பது மண்டையில் ஏறவே ஏறாது. கடையில் உட்கார்ந்த ஆறு மாதத்தில் அது போய்விட்டது. சர்க்கரை மாத்திரை பாதி அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். வார்டில் ஒருவர் சுகர் ஏறி அட்மிட் ஆனால், ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்று இப்போது நான் அதட்டிக் கேட்பதில்லை.

படிப்பு கெட்டதா என்று கேட்பீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது தியரியில் 80 சதவீத வருகை, பட்டம் வாங்கும் முன் கிளினிக்கலில் 100 சதவீதம். எனக்குத் தியரியில் 92, கிளினிக்கலில் ஒரு மணி நேரம்கூட பாக்கி இல்லை. அரியர் கிடையாது. எல்லாம் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது.

நான் தப்பே செய்ததில்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் வருஷம் ஆரம்பத்தில் ஒரு மாதம் தினமும் சாயங்காலம் கடைக்குப் போனேன், பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் வார்டில் 14-ஆம் கட்டில் அம்மாவுக்குப் பார்த்த பிரஷரை 15-ஆம் கட்டில் அம்மாவின் சார்ட்டில் எழுதிவிட்டேன். வார்டு சிஸ்டர் உடனே கவனித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று பரீட்சையில் மனப்பாடமாக எழுதுகிறோமே, முதலாவதிலேயே நான் தவறியிருக்கிறேன். களைப்பு அப்படித்தான் செய்யும், அந்த விஷயத்தில் உங்கள் கவலை முழுக்க நியாயம். அதற்குப் பிறகுதான் வாரத்தில் இரண்டே நாள் என்று குறைத்துக்கொண்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு தப்பு செய்து பயந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் போகாதே என்று முதல் வருஷமே ஒரு மேடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த சார்ட்டில் என் கையெழுத்து விழுந்திருக்காது.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். யாரென்று அடையாளம் காட்டும் எதையும் எழுத மாட்டேன், ஒரு ஜூனியர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷமும் இப்படி ஒரு பேச்சு வந்தது, கடையில், ஓட்டலில் நம் பிள்ளைகளைப் பார்த்தால் பெயர் எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியைகளிடம் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். அவள் அப்போது ஒரு துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பில்லிங்கில் இருந்தாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து அதை விட்டாள். விட்டவள் சும்மா இருக்க முடியுமா, வீட்டில் தம்பி பத்தாவது படிக்கிறான். யார் கண்ணிலும் படாத வேலை எது என்று தேடி, வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஏஜென்சியில் சேர்ந்தாள். ராத்திரி 8 முதல் காலை 6 வரை. என்ன படிக்கிறாய் என்று கேட்டார்களாம், நர்சிங் இரண்டாம் வருஷம் என்றதும், "அங்க போய் ஸ்டூடண்ட்னு சொல்லாத, ஸ்டாஃப் நர்ஸ்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் ஒரு தாத்தா. டயபர் மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் வரை அவளுக்குத் தெரியும். இன்சுலினும் நீதான் போட வேண்டும் என்றார்கள். போட்டாள். அன்றைக்குத் தாத்தா ராத்திரி சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளிவிட்டதை வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு அவர் உடம்பெல்லாம் வியர்த்து, சம்பந்தம் இல்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 46, சாப்பிடாத உடம்பில் இன்சுலின் போனதால் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. நல்லவேளை, விழுங்கும் நிலையில் இருந்தார், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு 108-க்குப் போன் செய்தாள். அவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. விடிவதற்கு முன்னால் ஆட்டோ பிடித்து எங்கள் ரூமுக்கு வந்து கதவைத் தட்டினாள். உட்காரக்கூட இல்லை, "அக்கா, காலேஜுக்குத் தெரிஞ்சா என்னை அனுப்பிருவாங்கக்கா" என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு 7.30 மணிக்கு வார்டில் நின்றாள். அன்றைக்கு அவள் நின்றுகொண்டே தூங்கியதை ஒரு மேடம் பார்த்துத் திட்டினார்கள், ராத்திரி எங்கே இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

படிப்பை முடித்து, தமிழ்நாடு நர்ஸ் மற்றும் மிட்வைஃப் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் ஒருத்தி நர்ஸ். அதற்கு முன் தனியாக ஒரு வீட்டில், மேலே கேட்க ஆள் இல்லாமல் இன்சுலின் போடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாத்தாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தப் பெண் பதிவு எண் வாங்குவதற்கு முன்பே போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருப்பாள். அது போக, முன்பின் தெரியாத வீட்டில் ராத்திரி முழுக்க ஒரு 19 வயதுப் பெண். அவளுக்குக் கொடுத்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

மேடம், துணிக்கடையில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவளை அந்த வீட்டுக்கு அனுப்பியது உங்கள் தடையைப் பற்றிய பயம்தான். இதைக் கோபத்தில் எழுதவில்லை. தடை போட்டால் வேலைக்குப் போவது நிற்காது, பார்க்கக்கூடிய இடத்தில் செய்த வேலை பார்க்க முடியாத இடத்துக்குப் போகும், அவ்வளவுதான் நடக்கும். சுற்றறிக்கை வந்த அன்றைக்கே எங்கள் வகுப்பில் இரண்டு பேர் என்னிடம் அந்த மாதிரி ஏஜென்சி நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. வேறு யாராவது கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். மாணவிகள் களைத்துப்போகக் கூடாது என்பதுதான் இந்தத் தடைக்குக் காரணம் என்றால், நம் நிர்வாகத்தின் மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் எங்களை ஏன் கூப்பிடுகிறீர்கள்? போன தீபாவளிக்கு ஸ்டாஃப் சிஸ்டர்கள் ஊருக்குப் போனதும், போஸ்டிங் (எங்கள் பயிற்சி) கணக்கில் சேராத ஒன்பது நைட் டூட்டி நாங்கள் பார்த்தோம். ஒரு வார்டுக்கு ஒரு ஸ்டாஃப், மூன்று மாணவிகள். காலையில் டீ கொடுத்தார்கள். அனுபவம் கிடைக்கிறதே என்று சொன்னீர்கள், கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் இல்லாத ஒன்பது ராத்திரியில் வராத களைப்பு, சம்பளம் தரும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மட்டும் வந்துவிடும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வருஷா வருஷம் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைச் சொல்லித்தானே உறுதிமொழி எடுக்கிறோம். அவர் பெயரில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியில், பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, சீருடை கொடுத்து, கைச்செலவுக்கு வருஷத்துக்கு 10 பவுண்டும் கொடுத்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டால் வேலையில் மனம் நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே அளவுக்கு நீங்களும் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், அல்லது எந்த விதியின் கீழ் போட்டிருக்கிறீர்கள் என்று எழுத்தில் காட்டுங்கள். அதற்குப் பதிலாக, வேலைக்குப் போகும் மாணவி எங்கே, எத்தனை மணி நேரம் போகிறாள் என்று பயமில்லாமல் வந்து பதிந்து வைக்க ஒரு நோட்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியையும் வேண்டும். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது, மறுநாள் வார்டு இருந்தால் முந்தின ராத்திரி வேலை கூடாது என்று விதி வையுங்கள், நாங்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். யாருக்காவது வருகை குறைந்தாலோ வார்டில் தவறு நடந்தாலோ அவளைக் கூப்பிட்டு மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டுக்குப் போய் ஊசி போடும் வேலையையும், மாணவியை ஸ்டாஃப் நர்ஸ் என்று பொய் சொல்லச் சொல்லும் இடங்களையும் முழுக்கத் தடை செய்யுங்கள், அதில் உங்களோடு முதலில் நிற்பது நானாகத்தான் இருக்கும். முதல் வருஷ மாணவிகளை முதல் மாதமே உட்காரவைத்து, எந்த வேலை கையைக் கெடுக்கும், எது தூக்கத்தைக் கெடுக்கும், எந்த இடத்தில் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசுங்கள். பேச ஆள் இல்லையென்றால் மூன்றாம் வருஷ மாணவிகள் நாங்கள் பேசுகிறோம்.

நூலகத்திலும் மருத்துவமனை ரெக்கார்ட் அறையிலும் சாயங்காலம் இரண்டு மணி நேர வேலைக்கு வெளியாட்களை வைத்திருக்கிறீர்கள். அதில் சில இடங்களைத் தேவைப்படும் மாணவிகளுக்குச் சம்பளத்தோடு கொடுக்கலாம். போஸ்டிங் கணக்கில் சேராத நைட் டூட்டிக்கு இனிமேல் எங்களைக் கூப்பிடுவதாக இருந்தால் அதற்கும் ஒரு தொகை தர வேண்டும், கட்டாயமும் கூடாது. மலையிலிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே நான்கு பேர் இருக்கிறோம், எங்கள் கட்டணத்தில் ஒரு பங்கையாவது பறிப்பு முடிந்து பிப்ரவரியில் கட்ட அனுமதியுங்கள். தோட்டத்தில் கூலி எப்போது கிடைக்கும் என்பதற்கு எஸ்டேட்டிலிருந்து கடிதம் வேண்டுமென்றால் அம்மா வாங்கித் தருவார்.

மன்னிப்புக் கடிதம் நான் எழுதவில்லை. மெடிக்கலில் நான் வேலை பார்க்கும் நாளும் நேரமும், கடைக்காரரின் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அதை அந்த நோட்டின் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் குழந்தைகள் வார்டு, மதியம் 2 மணிக்கு மேல் எந்த நாள் கூப்பிட்டாலும் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவி,
சேலம்